கார்டு விட்டால் கர்னல் விடும்

ஸௌந்தரராஜனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற உபகாரம். தெரியாதவர் சும்மா இருப்பார். 2005-ல் சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் மாடியில், புடவை டிசைன் போடும் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அவர் முதலாளி. ஆகவே எல்லாம் தெரிந்தவர். அவரிடம் இருந்த ஒரே புரோகிராமர் ஸிந்துஜா. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க அவர் பேச்சைக் கேட்டு வயிறெரிந்து, திரும்பிப் போவாள்.

இன்றைக்கு நெசவாளர் சங்கத் தலைவர் முனுசாமி டெமோ பார்க்க வருகிறார். சொதப்பினால் வேலை போய்விடும் என்று முதலாளி காலையிலேயே அவளிடம் சொல்லியாயிற்று.

சொதப்பலுக்கு விதை போட்டவரே அவர்தான். கம்ப்யூட்டரை உள்ளிருந்து நிர்வகிக்கிற லினக்ஸ் கர்னல், மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். இடம் பற்றாவிட்டால் சும்மா கிடக்கும் பக்கத்தை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். கிராபிக்ஸ் கார்டோ கர்னலைக் கேட்காமல் நேராக மெமரியில் படிக்கிற ஜாதி. படித்துக்கொண்டிருக்கும்போதே இடம் கைமாறினால், மயில் பார்டருக்கு நடுவே யாருடைய ஈமெயிலோ புள்ளி புள்ளியாக வந்து நிற்கும். அதனால் கார்டு படித்து முடிக்கும்வரை பக்கத்தை நகரவிடாமல் பூட்ட வேண்டும். முடித்ததும் விட்டுவிட வேண்டும். கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமை ஸிந்துஜா அப்படித்தான் எழுதியிருந்தாள்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தரே பூட்டி ஒருத்தரே திறக்கறதா? எங்காத்து வழக்கம் தெரியுமோ?" என்றார். அவர் வம்சத்தின் பெருமையே ஒரு சாவிதான். ஒரு சின்ன மண்டபத்து அறையில் உற்சவக் குடை இருக்கிறது. கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு குடும்பத்திடம் ஆளுக்கொரு சாவி. எதிர்த்தரப்பு திறந்த பிறகுதான் நாங்கள் திறப்போம் என்று இருவரும் பிடித்த பிடியில், பல வருஷமாகக் குடை உள்ளேயே கிடக்கிறது. சாமி வெயிலில் போகிறார். வெட்கப்பட வேண்டிய இந்தக் கதையை மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

அந்த மகத்தான ஏற்பாட்டை டிரைவரிலும் வைக்கச் சொன்னார். கார்டு விட்ட பிறகே கர்னல் விடும். கர்னல் விட்ட பிறகே கார்டு விடும்.

"அப்போ யாருமே விட மாட்டாங்க சார். மெமரி ரொம்பி மெஷின் நின்னுடும்."

"மரியாதையா நடத்தினா நிக்காது."

மெஷினுக்கு மரியாதையாம். தலையெழுத்து என்று அவர் கேட்டபடியே எழுதிக் கொடுத்தாள். ஆனால் சரியான டிரைவரை வீட்டில் உட்கார்ந்து முடித்து, பென் டிரைவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

முனுசாமி வந்து உட்கார்ந்தார். மூன்றாவது டிசைனில் திரை அசையாமல் நின்றது.

"இன்னாபா, மயிலு பாதியில நின்னுக்கினு இருக்குது?"

"பொண்ணு புதுசு, தப்பு பண்ணிட்டா," என்றார் ஸௌந்தரராஜன், கொஞ்சமும் கூசாமல்.

ஸிந்துஜாவுக்குக் காது சுட்டது. இந்த மனிதருக்காகவா இத்தனை நாள் உழைத்தோம் என்றிருந்தது. மெஷினை அணைத்துப் போட்டு, பென் டிரைவிலிருந்து தன் டிரைவரை ஏற்றினாள். மயில், அன்னம், யாளி என்று டிசைன்கள் தடையில்லாமல் வந்தன. முனுசாமி சலிக்கும்வரை பார்த்தார்.

"இப்ப நல்லா ஓடுதே. இன்னாம்மா பண்ண?"

"சார் வைக்கச் சொன்னதை எடுத்துட்டேன்."

முனுசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்குக் காலையில கமிட்டிய இட்டுக்கினு வரேன்பா. இதே மாதிரி ஓடுச்சுன்னா ஆர்டர் உனக்குத்தான்," என்று முதலாளியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி முகம் கறுத்தது. ஆர்டர் வரப்போகிறதே என்ற சந்தோஷமெல்லாம் இல்லை, அந்தச் சிரிப்புதான் குத்தியது. "வெளி மனுஷா முன்னாடி மானத்தை வாங்கிட்டே. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். கிளம்பு."

அழுகை முட்டியது, இவர் முன்னால் அழுவதா என்று அடக்கினாள். பென் டிரைவை உருவிப் பையில் போட்டாள். "சார், இப்ப ஓடறது மெமரியில மட்டும்தான் இருக்கு. அணைச்சா போயிடும். டிஸ்க்ல இருக்கறது நீங்க சொன்ன…"

"நேக்குப் பாடம் எடுக்காதே. அதான் நன்னா ஓடறதே."

இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. பாதிப் படி இறங்கியிருப்பாள், மேலே முதலாளி கரண்ட் பில்லைத் திட்டிக்கொண்டே மெஷின் பக்கம் நடப்பது கேட்டது. பிறகு சுவிட்சைத் தட்டினார்.