கறுப்பு எண்ணெயும் என் காதும்

எனக்குக் காது கேட்கவில்லையாம். சொன்னது என் கணவர் றேமண்டும் அவருடைய தம்பி பிறெடியும். இரண்டு பேரும் ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில், காதைப் பிளக்கும் கிறேனுக்கும் பாரம் இழுக்கிற வின்சுக்கும் பக்கத்தில் நின்றவர்கள். வீட்டு மணி அடித்தால் இரண்டு பேருக்கும் கேட்காது, நான்தான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். அவர்கள் என் காதுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள், பாருங்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயில் பாடகர் குழுவின் மேல்குரல் பிள்ளைகளுக்கு நான்தான் பாட்டுப் பழக்குகிறேன். குழுத் தலைவி றஷ்மி, பயிற்சியைப் போனில் பதிந்து அனுப்புவாள். அதை வீட்டிலுள்ள பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் போட்டுக் கேட்டு, யார் எங்கே வழுக்கினார்கள் என்று நான் சொல்வேன். அந்தப் பெட்டி ஒவ்வொன்றின் மேலேயும் புனல் மாதிரி ஒரு கொம்பு. கொம்புக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்ரெஷன் டிரைவர். சிம்பல், 'ஸ்' என்கிற எழுத்து, மூச்சுச் சத்தம் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

போன வருஷம் அதில் ஒரு ஒலி மட்டும் காதைக் குத்தியது. தேடி வாசித்து, கறுப்பு எண்ணெய் மாதிரி இருக்கிற காந்தத் திரவம் வாங்கி, ஊசியால் நானே விட்டேன். உள்ளே காந்தத்தின் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு. அதில் ஒரு கம்பிச் சுருள் ஆடும். அந்தக் கறுப்பு எண்ணெயைக் காந்தமே பிடித்து அங்கே நிறுத்திவிடும். சுருளின் சூட்டையும் இழுக்கும், வேண்டாத ஆட்டத்தையும் அடக்கும். வீட்டில் வைக்கிற சத்தத்துக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. எனக்கு வேண்டியது அந்த அடக்கம்தான். குத்தல் நின்றது.

கிறிஸ்மஸ் கிட்ட வந்ததும், இந்த நத்தாருக்கென்று வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம். அதற்குப் பிறகு வந்த பதிவுகளில் பிள்ளைகள் வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது. 'ஸ்' வரவில்லை என்று ஏசினேன். அடுத்த பதிவும் அப்படியே. இன்னும் ஏசினேன். ஒரு பிள்ளை அழுதும் விட்டதாம்.

நேற்று றஷ்மி வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, குறை நினைக்காதீங்கோ. இந்த நத்தாருக்கு நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கோவன்."

"ஏன், எனக்கு என்ன வருத்தம்?"

"பிள்ளைகள் நல்லாத்தான் பாடுதுகள்." தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "உங்களுக்குத்தான்... அதைச் சொல்லிக் குழுவில எல்லாருக்கும் மெசேஜும் போட்டிட்டன்."

"பெட்டி எனக்கு வடிவாக் கேக்குது," என்றார் றேமண்ட்.

"எனக்கும்தான். களுபோவில ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுவம், அண்ணி," என்றான் பிறெடி. நான் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோலக் கத்திச் சொன்னான்.

றஷ்மியின் போனை வாங்கி, அதே பதிவைக் காதோடு வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு 'ஸ்'ஸும் தெளிவாக வந்தது. ஒரு பிள்ளை மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பிறகு பெட்டியில் போட்டேன். பஞ்சு. நான் ஸ்குரூட்றைவரை எடுத்தேன்.

"அதைக் கழட்டாதீங்கோ அண்ணி, இப்பதான் சேர்விஸ் பண்ணினது."

"ஆர் பண்ணினது?"

"நான்தான். பெயின்ற் அடிக்கேக்க ரெண்டையும் திறந்து பாத்தன். உள்ளுக்குக் கறுப்பு எண்ணெய். எண்ணெய் கறுத்தா மாத்தத்தானே வேணும்? துடைச்சுப்போட்டு நல்ல கிறீஸ் வச்சனான். கிறேனுக்கு வைக்கிறது."

திறந்தேன். ஜாமில் விழுந்த ஈ மாதிரி, மஞ்சள் கிறீஸில் சுருள் ஒட்டிக்கிடந்தது.

"பாவம், நல்லதுக்குத்தானே செய்தவன்," என்றார் றேமண்ட்.

"நல்லதுக்கா? அது ஊத்தையில்ல, மருந்து. அதை வழிச்சுப்போட்டு, கேக்காத காதுகளோட ரெண்டு பேரும் எனக்குச் சாட்சி சொல்றீங்கள். றஷ்மி, இப்பவே இன்னொரு மெசேஜ் போடு."

"நத்தார் முடியட்டுமே ஆன்ட்டி. இது சின்ன விஷயம்தானே."

"என்ர காது சின்ன விஷயமில்ல. நீ போட வேண்டாம், பிறெடியே சொல்லட்டும்."

றஷ்மியின் போனில் குழுவைத் திறந்து, குரல் பதிவை அழுத்தி, அவன் வாய்க்கு நேரே பிடித்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நான் பிறெடி கதைக்கிறன். அண்ணியின்ர காதில ஒரு பிழையும் இல்ல. பெட்டிக்குக் கிறீஸ் வச்சது நான். ஆனா, அது நல்ல கிறீஸ்."

அதை அழித்துவிட்டு, கடைசி வசனம் இல்லாமல் மறுபடி சொல்லச் சொன்னேன்.