சாயபு கேட்ட ஒரு வரி

1

மனிதர்களை நடத்திச் செல்லும் கலையை முழுமையாக அறிந்தவர்கள் உலகத்தில் இதுவரை மூன்றே பேர். மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள்.

இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பொருள் பற்றி மூர் மார்க்கெட்டில் வாங்கிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம் வரை படித்திருக்கிறேன். அதற்கு மேல் பக்கங்கள் இல்லை. தலைவன் முதலில் பேசுவான், உரக்கப் பேசுவான், ஒரு தடவைதான் பேசுவான் என்பது கிடைத்த பக்கங்களின் சாரம்.

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு வரியாகப் பிறந்திருக்க வேண்டியது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியான இந்த நாற்பத்திரண்டாம் வருஷச் சித்திரையில் எங்கள் கல்லூரியையும் மூடிவிட்டார்கள். அம்பத்தூரில் மாமா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை, மாமாவின் சிநேகிதர் பூந்தமல்லி அப்துல் ஜப்பார் சாயபு பார்த்தார். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவருக்குச் செங்கல் சூளை இருக்கிறது. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகைகள் எழும்புவதால், கல் எங்கே என்று தினமும் ஆட்கள் வந்து நெருக்குகிறார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பழைய மேஸ்திரி குண்டுக்குப் பயந்து சொந்த ஊருக்கு நடையைக் கட்டிவிட்டார். கல் அறுக்கும் கூட்டத்திலிருந்தே கெங்கம்மாள் என்ற பெண்பிள்ளை மேஸ்திரி வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாள் கூட இருந்து பாருங்க தம்பி," என்றார் சாயபு. "அவ மேஸ்திரியா நிலைப்பாளா, இல்ல திருவள்ளூர்லேருந்து ஆள் கொண்டாரணுமா? நீங்க படிச்சவங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

வேறு மேஸ்திரி வந்தால் தன் கூட்டத்தோடுதான் வருவான். கெங்கம்மாளும் அவளுடைய பதினொரு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைச் சாயபு சொல்லவில்லை. ஆனால் சூளையில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. நான் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் எல்லாருடைய கையும் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு நகரும்.

வாசகருக்கு ஒரு வாக்குறுதி. முடிவை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நழுவும் எழுத்தாளர்களை நான் அறிவேன். வில்லிவாக்கத்தில் ரயிலை நிறுத்திவிட்டு, 'மீதியை நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள்' என்று இறங்கிப் போகும் டிரைவர் அவர்களைவிட யோக்கியன். இந்த ரயில் அரக்கோணம் வரை போகும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'இளங்காலை வெயிலில் வரிசை வரிசையாகச் செங்கற்கள் ரத்தச் சிவப்பாய்...'

(நிறுத்துகிறேன். களத்தில் காய்வது சுடாத கல். அதற்கு மண்ணின் நிறம். சூளையில் வெந்த பிறகுதான் சிவக்கும். அப்போதுதான் அறுத்த கல் ஒன்றின்மேல் முதல் நாள் நான் உட்கார்ந்ததும், எழுந்தபோது அது கல்லாக இல்லாததும் கதைக்குத் தேவையில்லை.)

இரண்டாம் முயற்சி: 'கெங்கம்மாள் கர்ஜித்தாள்.'

(கெங்கம்மாள் கர்ஜிக்கவில்லை. அதுதான் இந்தக் கதைக்கே தொல்லை.)

3

பாத்திரம் என்று ஒன்று இருந்தால் அது ஏதாவது செய்ய வேண்டும். இவள் செய்தது இவ்வளவுதான்: சிக்கல் எது வந்தாலும் மண் மிதிக்கிறவர்கள், கல் அறுக்கிறவர்கள், சுமக்கிறவர்கள் எல்லாரையும் பார்த்து, "இன்னா பண்லாம்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துப் புடவையில் துடைத்து, நரம்பு கிள்ள ஆரம்பிப்பாள். ஒரு நரம்பு. இரண்டாவது நரம்பு. யாரும் பேசாவிட்டாலும் தலை தூக்க மாட்டாள். வெற்றிலை முடிவதற்குள் யாராவது வாயைத் திறந்துவிடுவார்கள்.*

(* பெரும்பாலும் குப்பம்மா. மண் சுமப்பவள். அவள் சொல்லும் யோசனைகளில் பாதி வசவு. வசவைக் கழித்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.)

ஒருநாள் மண் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு கல் கழன்று விழ மறுத்தது. கெங்கம்மாள் கேட்டாள். அச்சுக்குள் மணல் தூவலாம் என்று மதுரைவீரன் சொன்னார். இருபது வருஷமாகக் கல் அறுப்பவர். நான் கவனித்தது வேறு. அவர் வாய் திறப்பதற்கு முன்பே கெங்கம்மாளின் கால் மணல் கூடையை அவர் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. ஆக, விடை தெரிந்தே கேட்கிறாள். தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும் என்று அவளிடமே விசாரித்தேன்.

"கேக்கறதுக்கு வெள்ளக்காரன் வரி போட்டுக்கீறானா, நைனா?" என்றாள்.

நோட்டில் குறித்துக்கொண்டேன்: 'முதலில் பேசுவதில்லை. உரக்கப் பேசுவதில்லை. நரம்பு கிள்ளுகிறாள். தலைமைக் குணம்: பூஜ்யம்.' சாயங்காலம் மாமா வீட்டில் அவளைப் போலவே நடித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து, துண்டின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே, 'இன்னா பண்லாம்' என்றதும் மாமாவுக்கு மோர்சாதம் புரையேறிவிட்டது. வற்புறுத்தலின் பேரில் இன்னும் இரண்டு தடவை நடித்தேன்.

4

(இந்தப் பகுதி மழையில் கரைந்துவிட்டது.)

5

சரி. கரையவில்லை. எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆவடிக்கு எவ்வளவு கல் போகும் என்று பேசச் சாயபு கூப்பிட்டனுப்பியதால் கெங்கம்மாள் பூந்தமல்லிக்குப் போயிருந்தாள். போகும்போது, "பாத்துக்க நைனா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் மேற்கே வானம் கறுத்தது. கோடை மழை.

களம் இரண்டு. மேல்களத்தில் அன்று காலை அறுத்த ஈரக்கல். கீழ்களத்தில் எட்டு நாள் வெயிலில் காய்ந்து, மறுநாள் சூளையில் அடுக்க வேண்டிய நாலாயிரம் கல். மூடுவதற்கு இருந்த ஓலைத் தட்டிகள் ஒரு களத்துக்குத்தான் போதும்.

பதினொரு பேரும் ஓடிவந்து என்னைச் சுற்றி நின்றார்கள். இப்போது யோசிக்கும்போது தெரிகிறது, அவர்கள் உத்தரவுக்காக நிற்கவில்லை. கேள்விக்காக நின்றார்கள். தலைவன் முதலில் பேசுவான். ஈரக்கல் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதை என் வேட்டி அறியும். காய்ந்த கல்லோ தட்டினால் 'ணங்' என்கிறது. மேல்களத்தை மூடச் சொன்னேன். உரக்க.

மதுரைவீரன் வாயைத் திறந்தார்.

"சொன்னதைச் செய்," என்றேன். ஒரு தடவைதான்.

செய்தார்கள். ஓர் உத்தரவு அவ்வளவு ஒழுங்காக நிறைவேறி நான் பார்த்ததில்லை. ஒரு தட்டிகூடக் கோணவில்லை.

காய்ந்த மண் தண்ணீரைக் கண்டால் குடிக்கும். குடித்து உப்பி உதிரும். ஈர மண் அவ்வளவு வேகமாகக் குடிக்காது. அப்படியே ஈரக்கல் குலைந்தாலும் போவது ஒரு காலை வேலை. காய்ந்த கல் குலைந்தால் எட்டு நாள் வெயில் போயிற்று. இது களத்தில் நின்ற பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்குத் தெரியும். கால் மணி நேரத்தில் கீழ்களத்துக் கற்களின் மூலை மழுங்கியது. பிறகு கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடைவெளி மறைந்தது. பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

கெங்கம்மாள் நனைந்துகொண்டே வந்தாள். களத்தைப் பார்த்தாள். தட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வசவுக்குத் தயாராக நின்றேன். வசவை எப்படி வாங்குவது என்பதற்குப் புத்தகத்தில் வழி இருக்கிறது. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பண்லாம்?"

மழையிலேயே நின்று நரம்பு கிள்ளினாள்.

மண் மிதிக்கிற வேலை மிச்சம், வானமே மிதித்துக் கொடுத்துவிட்டது என்றாள் குப்பம்மா. யாரோ சிரித்தார்கள். இன்னும் இரண்டு அச்சு போட்டு விடியற்காலையிலேயே ஆரம்பித்தால் அமாவாசைக்குள் தேற்றிவிடலாம் என்றார் மதுரைவீரன். கெங்கம்மாள் தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை என்று சாயபுவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த கால் ஈரம்கூடக் காயவில்லை. அமாவாசை என்று சொல்லி ஆள் அனுப்பினாள். காரணம் என்று அவள் சொல்லி அனுப்பியது ஒரே வார்த்தை: மழை. என் பெயர் அதில் இல்லை.

6

இன்று காலை சாயபுவின் வண்டி வந்தது. வண்டிக்காரர் சேதி சொன்னார்: மழைக்கு முன்பே களத்துக்குத் திரும்பியிருப்பாளே, காய்ந்த கல்லை மூடத் தெரியாதவளை எப்படி மேஸ்திரியாக வைத்துக்கொள்வது என்று சாயபு கேட்கிறார். இருந்தாலும் தம்பி எழுதுகிற வரிதான் முடிவு. வரியை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

ஆகவே முடிவுகள்.

அ. 'கெங்கம்மாள் தகுதியற்றவள்.' என் நோட்டு முழுவதும் இதற்குச் சாட்சி. நாளைக்குத் திருவள்ளூர் ஆள் வருவான். பன்னிரண்டு குடும்பம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக...

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

ஆ. 'தகுதியுள்ளவள். மழை எதிர்பாராதது.' படிக்க உத்தமமாக இருக்கிறது. ஆனால் சாயபு முப்பது வருஷமாகச் சூளை வைத்திருப்பவர். மேல்களத்தை மூட நேரம் இருந்ததே, கீழ்களத்துக்கு என்ன என்று ஒரே கேள்வி கேட்பார். அதற்கு விடை மறுபடியும் அவள் தலையில் விழும்.

இ. 'கீழ்களத்தை விட்டது நான்.' மூன்றே வார்த்தை. எழுதிப் பார்த்தேன். மாமாவின் முகத்தில் விழிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதை அனுப்பினால் இந்தக் கதையின் முதல் வாக்கியத்தை அடிக்க வேண்டியிருக்கும். நல்ல வாக்கியம்.

7

காகிதத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். முழங்கால் சேற்றில் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முடிவையும் வரிசையாகப் படித்துக் காட்டினேன். அ-வைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டதால், கேட்கவில்லை என்று மதுரைவீரன் சொல்ல, அதை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டியதாயிற்று. படித்து முடித்ததும் என் வாய் அந்தக் கேள்வியைக் கேட்டது. அதே குரல், அதே இழுப்பு. மாமா வீட்டில் நன்றாகவே பழகியிருந்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"எங்கள கேக்கறியா, காலேஜு?" என்றாள் குப்பம்மா. "மழ தலைல எறங்கிகிச்சா?"

வசவைக் கழித்தேன். மீதி ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

மதுரைவீரன் சேற்றைப் பார்த்தார். மற்றவர்கள் மதுரைவீரனைப் பார்த்தார்கள். கெங்கம்மாள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். எனக்கு வெற்றிலை போடும் வழக்கமில்லை. வாங்கிக்கொண்டேன்.

வாசகரே, நீங்களும் இப்படிக் களத்துப் பக்கம் வாருங்கள். சேறுதான், பரவாயில்லை. மூன்றையும் நீங்களும் கேட்டீர்கள். வண்டிக்காரர் இப்போதுதான் பீடி பற்றவைத்திருக்கிறார். அது அணைகிற வரை நேரம் இருக்கிறது. (வில்லிவாக்கம் வந்துவிட்டது. தெரியும்.)

இன்னா பண்லாம்?

வெற்றிலையை வேட்டியில் துடைத்தேன். ஒரு நரம்பு கிள்ளினேன். இரண்டாவது நரம்பு. தலை தூக்கவில்லை.