தலை மாற்றும் இடம்

வெள்ளையம்மா வாயைத் திறந்ததுதான் தாமதம், பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் பாய்ந்து வந்து தன் முந்தானையைச் சுருட்டி அந்த வாயைப் பொத்திவிட்டாள்.

“வேணாங்க்கா. கங்காணி வாசல்லயே நிக்கிறாரு. சத்தம் வெளிய வரக்கூடாதாம்.”

பாயில் அய்யாவு கிடந்தான். உயிர் போய்விட்டது, உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. காய்ச்சல்காரன் உடம்பு, ஆற நேரம் பிடிக்கும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன் கண்ணெதிரே போயிருக்கிறான், சத்தம் போடாதே என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் அடங்கும்? வெள்ளையம்மா திமிறினாள். தொண்டைவரை வந்த அழுகை போக வழியில்லாமல் திரும்ப நெஞ்சுக்குள்ளேயே இறங்கியது. இறங்கிய இடம் வலித்தது.

வாசலில் லெட்சுமணன் கங்காணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

“என் கூட ஒரே கப்பல்ல வந்தவன்மா அய்யாவு. எனக்கு மட்டும் ஆசையா? பெரிய தொரை உத்தரவு. சத்தம் கேட்டா, உன்னையும் உன் மவனையும் தோட்டத்த வுட்டே வெரட்டிருவாரு. என்னையுந்தான்.”

உத்தரவுக்குக் காரணம் இதுதான். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய சின்ன ஆகாசக் கப்பல் ஒன்று, இந்த ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் நிற்கும் லாயாங் லாயாங் ஊருக்கும் நடுவிலுள்ள காட்டில் எங்கேயோ விழுந்துவிட்டது. அதில் இருந்தது அதை ஓட்டிவந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் மட்டும். அவனைத் தேடுவதற்காகப் பால்வெட்டை நிறுத்தி, ஆண்பிள்ளைகளை எல்லாம் வரிசை கட்டிக் காட்டுக்குள் அனுப்பினார்கள். முதல் நாள் ஆட்கள் தப்பு அடித்துக்கொண்டும் கூவிக்கொண்டும் போனார்கள். இந்தக் கூச்சலில் அவன் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று பெரிய துரைக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றோடு தோட்டத்தில் பேச்சு மூச்சு நின்றது. பாலை ரப்பராக்கும் ஸ்டோர் இயந்திரத்தை நிறுத்தினார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் பிரட்டு மணி அடிக்கவில்லை. மாரியம்மன் கோயில் மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டினார்கள். அடங்காமல் குரைத்த நாயைச் சுட்டே போட்டார்கள். தேடிப் போனவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு பூனை நடை நடந்தார்கள். துரை சொன்னது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சாவு துரையைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

அய்யாவுக்குப் பிரட்டில் நிற்கும்போதே காய்ச்சல். பல் கிடுகிடுத்தது. ‘நடந்தால் வேர்க்கும், வேர்த்தால் இறங்கிவிடும்’ என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஒரு வாய் கொய்னாத் தண்ணீரை ஊற்றி வரிசையில் சேர்த்துவிட்டார். இடுப்பளவு சேற்றில் இரண்டு நாள் நடந்துவிட்டு வந்து படுத்தவன்தான். வெள்ளையம்மாவுக்கு அந்த வெள்ளைக்காரன் மேல் இருந்தது சாதாரணக் கோபமில்லை. அவன் செத்து அழுகிக் கிடக்கட்டும் என்று மனதார நினைத்தாள். செத்தான் என்று தெரிந்தால் இந்தத் தோட்டத்துக்கு வாய் திரும்பக் கிடைக்கும் அல்லவா?

துக்கத்துக்கு வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், தோளில் முகம் புதைத்துக் குலுங்கினார்கள். அறியாதவன் பார்த்தால் லயத்து வீடுகளுக்கே குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது என்று நினைத்திருப்பான். தப்புக் கொட்டு இல்லை. சங்கு இல்லை. குளிப்பாட்டும்போது தண்ணீர் விழும் சத்தம்கூட அதிகமாகத் தெரிந்தது. வாய்க்கரிசி போட்டபோது அரிசி பல்லில் பட்டு உதிர்ந்த சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள்.

பாடை தூக்க நாலு பேரையும் குழி வெட்ட இரண்டு பேரையும் மட்டும் காட்டிலிருந்து வரவழைக்கத் துரை சம்மதித்தார். அந்த நாலில் ஒருவன் மகன் வீரமுத்து. முழங்கால் வரை சேற்றோடு வந்து அப்பனைப் பார்த்தான். தாயைப் பார்த்தான். அவன் வாயும் மூடியே இருந்தது.

வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. வெள்ளையம்மா வாசலுக்கு வந்து கங்காணியின் முன்னால் நின்றாள்.

“கங்காணியாரே, தப்புக் கொட்டு வேணாம். ஒண்ணும் வேணாம். தலை மாத்துற எடத்துல மட்டும் என்னைய அழ வுட்டுருங்க.”

லயத்துக்கும் இடுகாட்டுக்கும் நடுவில், பால் மரங்கள் முடிந்து சதுப்பு தொடங்குகிற இடத்தில் ஒரு கல் உண்டு. அங்கே பாடையை இறக்கி, தலையையும் காலையும் திசை மாற்றி வைத்துத் தூக்குவார்கள். போகிறவன் வீட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பெண்கள் அந்தக் கல்லைத் தாண்டிப் போவதில்லை. அந்த இடத்தில் பெண்சாதி வாய்விட்டுக் கூப்பிட்டு அனுப்பாவிட்டால், போகிறவன் போகவும் மாட்டாமல் வரவும் மாட்டாமல் நடுவிலேயே நின்றுவிடுவான் என்பது வெள்ளையம்மா பிறந்த பக்கத்து நம்பிக்கை. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

கங்காணி காட்டுப் பக்கம் பார்த்தார்.

“அங்கதாம்மா காடு ரொம்பக் கிட்ட. அங்கதான் சுத்தமா கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

பாடை கிளம்பியது. பால் மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் நின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே வரிசை, முடிவே இல்லாத மாதிரி. அந்தோணியம்மாள் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆறுதலுக்குப் பாதி, காவலுக்குப் பாதி.

கல் வந்தது. பாடையை இறக்கினார்கள். வீரமுத்துவும் மற்ற மூவரும் பாடையைத் திருப்பி வைத்தார்கள், தலைப்பக்கம் நின்றவர்கள் கால்பக்கம் மாறினார்கள். அய்யாவுவின் கால்கள் வீட்டுப் பக்கமிருந்து காட்டுப் பக்கம் திரும்பின. குனிந்து தூக்கப் போனார்கள்.

அதைப் பார்த்ததும் வெள்ளையம்மாவுக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டது. அந்தோணியம்மாளின் கையை உதறினாள்.

“என் ராசாவே! சேத்துல போயி யாரத் தேடுன? தேடித் தேடி நீ தொலஞ்சு போனியே! சொல்லாம போறியே, என் ராசாவே!”

காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. மரத்திலிருந்த பறவைகள் கலைந்து பறந்தன. கங்காணி ஓடிவந்தார். வாயைப் பொத்தத்தான் வந்தார். கை நீட்டினவர் அப்படியே நின்றுவிட்டார்.

சதுப்புக்குள்ளிருந்து மெலிசாக ஒரு விசில் சத்தம்.

எல்லோரும் காதைத் தீட்டினார்கள். வெள்ளையம்மாவும் நிறுத்தினாள். விசிலும் நின்றது.

“எந்தப் பக்கம்?” என்றான் வீரமுத்து, குசுகுசுவென்று.

தெரியவில்லை. காத்திருந்தார்கள். தவளைகள்தான் கத்தின. தேடிப் போனவர்கள் வெள்ளைக்காரனின் சத்தத்துக்காக வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். அவனோ ஆள் நடமாட்டமே இல்லை என்று மனம் விட்டுப்போய், இருந்த மூச்சைச் சேமித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். பாவம், யாரைக் குற்றம் சொல்வது?

கங்காணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அழும்மா! நிறுத்தாத, அழு! நீ அழுதா அவன் ஊதுறான். சத்தமா அழு!”

வெள்ளையம்மா அவரைப் பார்த்தாள். இவரா? காலையிலிருந்து வாசலில் நின்று காவல் காத்தவரா? அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அழு ஆத்தா,” என்றான் வீரமுத்துவும். அவன் ஏற்கெனவே சேற்றில் ஒரு கால் வைத்திருந்தான். “அப்பா தேடுன ஆளு. அழு.”

அழுதாள். விசில் பதில் சொன்னது. நாலு பேரும் அந்தத் திக்கில் இறங்கி நடந்தார்கள். சத்தம் கேட்டு மற்ற வரிசைகளும் காட்டுக்குள் அங்கங்கே திரும்பின. அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் கங்காணி, “இன்னும், இன்னும்” என்றார். புருஷனுக்கென்று வைத்திருந்த வார்த்தைகள் முதல் கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துபோயின. அப்புறம் ‘ராசாவே, ராசாவே’ என்று அதையே சொல்லிக் கத்தினாள். கண்ணீர் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கீழே பாடையில் அய்யாவு கிடந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது.

தூரத்தில் ஆண்கள் குரல் கொடுத்தார்கள். கிடைத்துவிட்டான். கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “போதும்மா” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

வேட்டியில் தூளி கட்டி அவனைத் தூக்கிவந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. தூளி மடங்கும்போதெல்லாம் காலும் மடங்கியது, அவன் அலறினான். கொசு கடித்து முகம் வீங்கிக் கண் இருக்கும் இடம் தெரியவில்லை. வெள்ளையம்மா தன் மனதில் சபித்து வைத்திருந்த ஆள் வேறு மாதிரி இருந்தான். பெரிய ஆளாக, துரை மாதிரி மீசையோடு. இவனுக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது.

தேடும் ஆட்களோடு வந்த சின்னத் துரைக்கு வேர்த்து ஊற்றியது. சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் பாடை பட்டது. மூங்கில், குறுக்குக் கம்பு, மேலே பச்சை ஓலை. நீட்டிப் படுக்கவைக்க அதைவிடத் தோதான சாமான் அந்தக் காட்டில் கிடையாது.

“கங்காணி! இது எடு. இதில் வை. சீக்கிரம், ரயில் போயிடும்.”

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கங்காணி கையைப் பிசைந்தார்.

“தொரை, இது செத்தவனுக்குக் கட்டுனதுங்க. உசுரோட இருக்கிறவங்கள இதுல ஏத்தக்கூடாதுங்க. ஏத்துனா…”

“ஏத்தினா என்ன?”

என்ன என்று சொல்லக் கங்காணிக்குத் தைரியம் வரவில்லை. புதிதாக ஒன்று கட்டலாமென்றால் மூங்கில் வண்டி போகும் சடக்குப் பக்கம்தான் இருக்கிறது. போய் வெட்டி வருவதற்குள் லாயாங் லாயாங்கில் சாயங்கால ரயில் போய்விடும். அடுத்த ரயில் வரை அவன் தாங்கமாட்டான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. தூளியில் கிடந்தவன் உதட்டை அசைத்து ஏதோ கேட்டான். சின்னத் துரை குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அழுதது யார் என்று கேட்கிறான்.”

எல்லோரும் வெள்ளையம்மாவைப் பார்த்தார்கள். அவன் வீங்கிய முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். அவன் எதைப் பார்த்தானோ. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவர எறக்கிக் கீழ வைங்க,” என்றாள். குரல் கரகரத்தது.

“அக்கா!” என்றாள் அந்தோணியம்மாள்.

“பாய விரிச்சு, பாத்து எறக்குங்க. தலை இடிச்சுராம. மாலைய எடுத்து அவர் மேலயே போட்டுருங்க. ரயில்ல பாத்தா பொணம்னு நெனைச்சுப் பயந்துக்கப் போறாங்க.”

அய்யாவுவை இறக்கினார்கள். வெள்ளைக்காரனை ஏற்றினார்கள். சதுப்பில் நாள் கணக்காக நடந்து சோர்ந்தவர்களில் தோள் உறுதியானவன் வீரமுத்துதான். கங்காணி அவனைப் பார்த்தார். அவன் தாயைப் பார்த்தான்.

“நான் எப்படி ஆத்தா போறது? மண்ணு தள்ள வேண்டியவன் நான்.”

“போயிட்டு வா. உங்கப்பா எங்கயும் போயிர மாட்டாரு.”

பாடையைத் தூக்கினார்கள். இடுகாட்டுக்குப் போக வேண்டியது, ரயிலடிக்குப் போகும் சடக்கைப் பிடிக்க லயத்துப் பக்கம் திரும்பியது. முறை மாற்றி மாற்றித் தூக்க ஆள் வேண்டும் என்று மற்ற ஆண்களும் பின்னாலேயே போனார்கள். குழி வெட்டி முடித்துவிட்டு இடுகாட்டில் காத்திருந்த இரண்டு பேரும் சத்தம் கேட்டு இங்கே வந்திருந்தார்கள், அவர்களும் போய்விட்டார்கள்.

கல்லுக்குப் பக்கத்தில் வெள்ளையம்மாவும் அந்தோணியம்மாளும் மற்ற இரண்டு மூன்று பெண்களும் மிஞ்சினார்கள். எட்டிப் பார்த்தால் குழி மண் குவிந்திருப்பது தெரிந்தது. அங்கே அவர்கள் போகக்கூடாது. தலை மாற்றியவனை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் கூடாது. பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

லயத்துப் பக்கமிருந்து ஸ்டோர் இயந்திரம் ஓடத் தொடங்கிய சத்தம் வந்தது. யாரோ கோயில் மணியையும் அடித்தார்கள்.

“இப்ப அழுங்கக்கா,” என்றாள் அந்தோணியம்மாள். “இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்று பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

சதுப்பிலிருந்து கொசு கிளம்பும் நேரம். அவன் மேல் கிடந்த வேட்டியை இழுத்து அவள் அய்யாவுவின் பாதங்களை மூடினாள். பக்கத்தில் கிடந்த பால் மரக் கிளையிலிருந்து ஒரு இலைக் கொத்தை ஒடித்தெடுத்து, அவன் முகத்தில் ஒன்றும் உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.