தக்கை அறை

கோயமுத்தூரிலிருந்து வந்த பஞ்சாலை முதலாளியையும் அவர் மனைவியையும் அப்புசாமி நேராகத் தன் வீட்டு மாடிக்குத்தான் அழைத்துப் போனார். சித்திரை மாத நடுப்பகல். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் அப்போது வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் எழும்பிக்கொண்டிருந்தன. நடுவே கிடந்த பொட்டல்களிலிருந்து அனல் அலையடித்துக்கொண்டிருந்தது. படியேறும்போதே அப்புசாமி அந்த அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மேலே தகரக் கூரைதான். ஆனால் அதற்கடியில் வெக்கையை உள்ளே விடாத தக்கை. மதராஸில் ஐஸ் ஆலை ஒன்றுக்காகக் கப்பலில் வந்திறங்கிய தக்கைப் பலகைகளில் மிஞ்சியதை வாங்கிவந்து, ஆசாரி மருதாசலத்தை வைத்துத் தாரைக் காய்ச்சி ஒட்டி, மேலே சட்டமடித்து இறுக்கியிருந்தார். சீசா மூடியில் வீடு கட்டுகிறார் என்று வேலையாட்கள் முதலில் சிரித்தார்களாம். இப்போது வெயிலில் வேலை செய்துவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அவர்களே மேலே வருகிறார்களாம்.

கதவைத் திறந்தார். தரையில் ஈரச்சேலையை விரித்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

விசிறியவள் அப்புசாமியின் அக்கா கண்ணாத்தாள். படுத்திருந்தவள் அவள் மகள் பாப்பாயி, பிரசவத்துக்கு வந்தவள். புருசன் போய், இருந்த புன்செய்க் காடும் பங்காளிகளிடம் போன பிறகு கண்ணாத்தாள் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். அவளை யாரும் சமைக்கச் சொல்லவில்லை. வந்த மறுநாள் காலையில் அடுப்படியில் இருந்தாள், அதுவே அவள் வேலையாக நிலைத்துவிட்டது. பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் படுக்கையைப் போட்டுக்கொண்டவளும் அவள்தான். அப்புசாமியின் மனைவி பிள்ளைகளோடு திருச்செங்கோட்டில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குள் எத்தனையோ அறைகள் காலியாகக் கிடந்தன.

முதலாளியின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாருங்க இவிய? உங்களுக்குச் சொந்தமுங்களா?"

அப்புசாமி அக்காவைப் பார்த்தார். கரிபட்ட சேலை, தோளில் ஒட்டுப்போட்ட இடம், வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய நரைமுடி. ரயிலடியிலிருந்து வரும் வழியில்தான் இவர்களிடம், எங்கள் குடும்பத்தில் யாரும் குறைவாக இல்லை என்று பேசிக்கொண்டு வந்திருந்தார்.

"இல்லீங்க. சமையலுக்கு இருக்கறவங்க. சொல்லாமக் கொள்ளாம மேல வந்து படுத்துட்டாங்க."

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது கேட்ட பிறகே அவருக்கு உறைத்தது. கண்ணாத்தாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஈரச்சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோணுங்க. புள்ளைக்கு வெக்கை தாங்கல. கீழ போயிடறமுங்க."

தாய் இறந்த பிறகு இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சாமி, தம்பி, கண்ணு என்றுதான் அவள் வாயில் வரும். அந்த 'ங்க' அவருக்குப் புதிது. பாப்பாயி படியிறங்கும்போது ஒருமுறை மாமனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கால்கள் வீங்கியிருந்தன.

பிறகு அவர் தக்கையைத் தட்டிக் காட்டினார், அதன் கருகிய வெல்ல வாசனையை முகரச் சொன்னார். தான் பேசுவது அவருக்கே தூரத்திலிருந்து கேட்டது. தரையில் பாப்பாயி கிடந்த இடத்தில் ஈரம் முதுகும் தோளுமாகத் தெரிந்தது. முதலாளியின் மனைவி அதை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிப்போனாள். அது காய்கிற வரைக்கும் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாப்பாட்டைக் கண்ணாத்தாளே பரிமாறினாள். விருந்தாளிகள் இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்கள். இப்படியொரு கைப்பக்குவம் எங்கள் ஊரில் கிடைக்காது, இந்தம்மாவை எங்களோடு அனுப்பிவிடுங்களேன் என்று அந்த அம்மாள் கேட்டாள். அப்புசாமி சிரித்தார். கண்ணாத்தாள் அவர் இலையில் மோர் ஊற்றி, போதுமுங்களா என்று கேட்டு நின்றாள்.

அவர்களை ரயிலேற்றிவிட்டுத் திரும்பியதும் கொட்டகைக்குப் போனார். வெயில் தாழ்ந்தும் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே கால் வைத்ததுமே மூச்சு முட்டியது. இத்தனை நாளில் அவர் அதற்குள் வந்ததேயில்லை.

"அக்கா, ரெண்டு பேரும் மேல வந்து படுத்துக்குங்க."

"வேண்டாமுங்க," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் முதல் பஸ்ஸில் அம்மாவும் மகளும் சங்ககிரிக்குப் போய்விட்டார்கள். பாப்பாயியின் புருசன் செங்கோடன் லாரியில் கிளீனர். மலையடிவாரத்தில் அவனுக்கும் ஒரு தகரவீடுதான்.

அதன்பிறகு அப்புசாமியால் அந்த அறையில் படுக்க முடியவில்லை. வெளியே தீயாக எரியும்போது உள்ளே அது குளுமையாகவே இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகவேண்டும் என்று தினமும் நினைத்தார். என்ன சொல்லிக் கேட்பது என்று யோசிக்கும்போதே 'இல்லீங்க' என்ற அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது. பெண்குழந்தை பிறந்திருப்பதாகச் செய்தி வந்த அன்று மருதாசலத்தைக் கூப்பிட்டு, தக்கையைப் பிரித்தெடுக்கச் சொன்னார். ஊரிலிருந்து திரும்பியிருந்த மனைவி ஏன் என்று கேட்டபோது, கூரை ஒழுகுகிறது என்றார். மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

ஒரு வண்டி நிறையப் பலகைகளோடு ஆசாரியும் அவரும் சங்ககிரி போய்ச் சேர்ந்தார்கள். வேண்டாம் என்று சொல்வாள் என்று பயந்திருந்தார். கண்ணாத்தாள் சாமான்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். மருதாசலம் சாரத்தில் ஏறி ஒட்ட, அப்புசாமி கீழே நின்று பலகைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக் கந்தம்மாள், இந்தப் பெரிய மனுசர் யார் என்று கேட்டாள்.

அப்புசாமியின் கை பலகையோடு நின்றது. தனக்கு என்ன வரவேண்டுமோ அது வரட்டும் என்று காத்திருந்தார்.

"என்ற கூடப்பொறந்த தம்பி," என்றாள் கண்ணாத்தாள். "சேலத்துல இருக்கறான். புள்ளைக்கு வெக்கைன்னு கேள்விப்பட்டு, அவன் படுக்கற ரூமையே பிரிச்சுக் கொண்டாந்துட்டான்."

தெருவே அவரைப் பார்த்து மெச்சியது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. கடைசிப் பலகையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டார். உள்ளே வந்து உட்காரும்படி பாப்பாயி கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று பொய் சொன்னார்.

கண்ணாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் சட்டையிலிருந்து உதிர்ந்த தக்கைத் துணுக்கு ஒன்று தண்ணீரில் விழுந்தது. அதை விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடியும் அழுத்தினார்.