மூன்றாவது கையெழுத்து

பதினோரு வருடம் அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் வாலிபால் ஆடிச் சம்பளம் வாங்கிய வேல்பாண்டிக்கு, முழங்கால் கைவிட்டதும் கிடைத்தது நாற்காலி வேலை. தேனியில் ஒரு முதலீட்டு ஆலோசனை அலுவலகத்தில் வசதியானவர்களின் படிவங்களைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஆறே கால் அடி மனிதர் மேசைக்கடியில் கால்களை மடக்கப் பட்ட பாடு தனிக்கதை. வருகிறவர்களோ படிவத்தை மறந்து ஆட்டத்தைப் பேசினார்கள். மதுரை ஃபைனலில் கடைசி சர்வீஸை ஏன் வலையில் அடித்தார் என்பதை மட்டும் ஒருவரும் விடுவதாயில்லை. அவர் சிரித்து மழுப்புவார். முதலாளி பவானிக்கு இந்த அரட்டை எரிச்சல்.

2007 ஜூனில் எரிச்சல் முற்றியது. மகள் அப்ரினின் கல்லூரிக் கட்டணத்துக்காகத் தன் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை விற்க உத்தமபாளையம் ஜெய்த்தூன் பீவி கொடுத்த மனு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஃபண்ட் நிறுவனத்திலிருந்து இரண்டு முறை திரும்பிவிட்டது.

"மூணாவதும் திரும்புச்சுன்னா நீங்க வேற வேலை பாத்துக்கங்க," என்றார் பவானி. வேல்பாண்டி முழங்காலைத் தடவிக்கொண்டார். முப்பத்தைந்து வயதில், இந்தக் காலோடு எங்கே போவது?

ஜெய்த்தூன் பீவி மறுபடி வந்தார். கையெழுத்துப் போட ஒருவர், பார்க்க ஆறு பேர். அண்ணன் கலீல் ரஹ்மான், மைத்துனர்கள், மகள் என்று ஒரு வேனே காலியாகி மாடியேறியிருந்தது.

"வளைச்சுப் போடு", "புள்ளிய மறந்திராத" என்று ஆளுக்கொரு பக்கம் யோசனை. பேனா பிடித்த விரல் நடுங்கியது. அந்த நடுக்கம் வேல்பாண்டிக்கு நன்றாகவே தெரியும்.

"எல்லாரும் கீழ போயி டீ குடிச்சிட்டு வாங்க. காசு நான் குடுத்துக்கிறேன்."

கூட்டம் இறங்கியதும் அவரும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அக்கா, பேனாவால மேசைய மூணு தட்டு தட்டுங்க. மூச்ச விடுங்க. அப்புறம் போடுங்க. சர்வீஸ் போடுறப்ப பந்த மூணு தட்டு தட்டித்தான் அடிப்போம்."

டொக், டொக், டொக். கையெழுத்து விழுந்ததும் வேல்பாண்டி திரும்பி, பழைய படிவத்தின் நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வளைவும் புள்ளியும் அப்படியே இருந்தன.

அடுத்த வாரம் பணம் வந்துவிட்டது. பவானி வேல்பாண்டிக்கென்று உயரமான மேசை ஒன்று வாங்கிவர ஆள் அனுப்பினார்.

நன்றி சொல்ல ஜெய்த்தூன் பீவி தனியாக வந்தார்.

"தம்பி, அந்த மதுரை ஃபைனல எங்க வீட்டுக்காரக இன்னும் சொல்லிச் சொல்லி மாய்வாக. அன்னைக்கு மூணு தட்டு தட்டுனீகளா?"

இந்த முறை அவருக்கு மழுப்பத் தோன்றவில்லை.

"இல்லக்கா. எல்லாரும் எம் பேரச் சொல்லிக் கத்துனாக. ஒண்ணுதான் தட்டுனேன்."

"ஆறு பேருக்கே எனக்குக் கை உதறிருச்சு. ஒங்கள எத்தன ஆயிரம் பேரு பாத்தாக!"

அந்தக் கடைசி சர்வீஸுக்காக எட்டு வருடமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்த வேல்பாண்டி, அன்றைக்கு நிறுத்திக்கொண்டார்.