நரி முகமும் மூன்றாவது ஓலையும்

எங்கள் பக்கத்தில் வேஷம் போட்டவன் என்றால் கூலிக்காரன். கல்யாண மண்டப வாசலில் கரடிப் பொம்மையாக நின்று கைகொடுப்பவனிடம் யாரும் பெயர் கேட்பதில்லை. இருபத்தேழு வயதில் ஒருத்தி ஆசைப்பட்டு வேஷம் கட்டுவாள் என்று யாருக்குத் தோன்றும்? திருமயம் சாலையில் புதிதாகத் திறந்த ஜப்பான் கார்ட்டூன் உலகம் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் எனக்கு நடந்ததெல்லாம் அதனால்தான்.

நான்காம் வகுப்பிலிருந்தே எனக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவள், லேப் டெக்னீஷியன் ஆன பிறகும் எழுந்திருக்கவில்லை. டிவி போய் போன் வந்தது, அவ்வளவுதான். வெள்ளை நரி முகமூடி போட்ட வாள்வீரன் ஒருவன் என் உயிர். எவ்வளவு அடி வாங்கினாலும் வாய் திறக்க மாட்டான், முகமூடியைக் கழற்ற மாட்டான். அம்மாவுக்கு இதெல்லாம் தலைவலி. "பிளெஸ்ஸி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா ஊரு சிரிச்சுப் போயிரும்டி" என்பாள்.

மாப்பிள்ளை அருள்தாஸ். சிங்கப்பூரில் கட்டட வேலைக்கு சூப்பர்வைசர். கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். தினமும் போன் செய்து, "சாப்டீங்களா? பத்திரமா வீட்டுக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்பார். அந்த மரியாதையில்தான் விழுந்தேன். கந்தர்வக்கோட்டையில் எங்கள் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார். மூன்றாவது மட்டும் பாக்கி.

கல்யாணம் ஆகிவிட்டால் இந்த ஆசைக்கெல்லாம் முழுக்குத்தான் என்று அந்தச் சனிக்கிழமை கிளம்பினேன். வீட்டில் டூட்டி என்று பொய். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி நானே செய்த நரி முகமும், கணுக்கால் வரை மூடும் அங்கியும் பையில். டிக்கெட் வாங்கி உள்ளே போய் மாட்டிக்கொண்டதுதான் தாமதம், கழுத்தில் விசிலோடு ஒருவன் ஓடிவந்தான்.

"ஏம்ப்பா, ஏஜென்சி ஆளா? இம்புட்டு லேட்டாவா வாரது? அங்கிட்டு போயி கோட்டைக்கு முன்னாடி நில்லு."

டிக்கெட்டைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என் வீரனின் கோட்டை, அட்டையில் செய்ததுதான் என்றாலும், கண்முன்னால் நின்றது. போய் நின்றேன். குழந்தைகள் வரிசை கட்டின. ஒரு குட்டிப் பெண் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அப்போது அருள்தாஸ் வந்தார், இரண்டு நண்பர்களோடு. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். பக்கத்தில் வரட்டும், முகமூடியைக் கழற்றி அசத்திவிடலாம் என்று காத்திருந்தேன்.

வந்தார். நரியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "உள்ள எவன்டா? இந்த வெயில்ல வேகலையா ஒனக்கு?"

"மச்சான், வீடியோ ஓடுது" என்றான் ஒரு நண்பன்.

உடனே கையிலிருந்த ரோஸ்மில்க்கை நரியின் கண் ஓட்டை வழியாக ஊற்றினார். கண் எரிந்தது, மூக்கில் ஏறியது, இருமினேன். "குடிடா, குடி." முழங்கால் மடிப்பில் ஓர் உதை. மண்டியிட்டு விழுந்தேன். "கூலி வாங்குறேல்ல, குனிடா!" என் முதுகில் செருப்புக் காலை ஊன்றி, முழு பாரத்தையும் போட்டு மிதித்துக்கொண்டு போஸ் கொடுத்தார். குழந்தைகள் கைதட்டினார்கள். விசில்காரனும் சிரித்தான்.

ஏன் முகமூடியைக் கழற்றவில்லை என்று கேட்பீர்கள். ரோஸ்மில்க் வழியும் முகத்தோடு அவர் என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அப்போதும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும் போனில் வீடியோ வந்தது. கீழே, "சாப்டீங்களா? இதப் பாருங்க, செம காமெடி." அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னொரு தடவ போடு. மாப்பிள்ளை பெரிய குறும்புக்காரரா இருப்பாரு போல."

போட்டேன். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, முதுகைத் திருப்பிக் காட்டினேன். தோள்பட்டைக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. பையிலிருந்து நரி முகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா நரி முகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, "நீன்னு தெரியாமத்தானடி செஞ்சாரு. எவனோ கூலிக்கு நிக்கிறவன்னு நெனச்சிருப்பாரு" என்றாள். "நாளைக்கு மூணாவது ஓலை. வாயத் தொறந்தியோ, நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்."

நரி முகத்தைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குப்பையோடு போட்டுக் கொளுத்தினாள். ஃபோம் ஷீட் கரும்புகை விட்டு நாறியது. அழுதேன். முதுகு வலிக்காகக்கூட அவ்வளவு அழவில்லை.

அருள்தாஸுக்கு நானே போன் செய்து சொன்னேன். பதறிப்போய்விட்டார்.

"ஐயோ, நீங்களா? நீங்கன்னு தெரிஞ்சிருந்தா கால வச்சிருப்பேனா?"

"வேற யாராவது இருந்திருந்தா?"

"வேற யாரா இருந்தா ஒங்களுக்கு என்னங்க?" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் ஓலையை வாசித்தார். என் பெயர், அவர் பெயர், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம். அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. எழுந்து நின்றேன். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்னம்மா? யாருக்கு ஆட்சேபனை?" என்றார் ஃபாதர்.

"பொண்ணுக்கு, ஃபாதர். அவரு ஒரு ஆள முதுகுல ஏறி மிதிச்சாரு. உள்ள இருக்கது யாருன்னு தெரியாமத்தான் மிதிச்சாரு."

அம்மா என் கையை விட்டாள். பெஞ்சில் எனக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.