படிக்காத சீட்டு

மந்திரம் ஓதத் துறவி மூச்சை இழுத்தார்; மிட்சுகியின் வலது கை விருட்டென்று பாயிலிருந்து எழும்பியது. நோபுகோ அத்தை அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி? எழவு வீட்டுல என்ன சீட்டாட்டம்?"

முடிந்தால் இருக்க மாட்டாளா? நேற்றிலிருந்து யார் மூச்சு இழுத்தாலும் அந்தப் பாழாய்ப்போன கை எழும்புகிறது.

அம்மா ஹிசாயோ சீட்டாட்டத்தில் பாட்டுப் படிக்கிறவள். அப்படிப் படிக்கிற யோமிதே என்றால் சபாஎ ஊரில் தனி மரியாதை. அவள் பாட்டைத் தொடங்கியதும், பாயில் பரப்பிய சீட்டுகளில் அதன் ஜோடியை முந்தித் தட்டுகிறவருக்கே அது சொந்தம். மிட்சுகிக்கு முதல் எழுத்துகூட வேண்டாம், அம்மா மூச்சு இழுக்கிற தினுசே போதும். படிக்க வந்த மூச்சை அவள் காது ஒருநாளும் தப்பாக எடுத்ததில்லை. வயிற்றிலேயே கற்றுக்கொண்டு வந்துவிட்டாள் என்று மற்ற ஆட்டக்காரர்கள் கரித்துக்கொட்டுவார்கள்.

முந்தாநாள் ஆட்டத்தில் அம்மா ஒரு பாட்டை முடித்து, அடுத்த சீட்டைக் கையிலெடுத்து மூச்சை இழுத்தாள். மிட்சுகி தட்டினாள். சீட்டு கூடத்து மூலைக்குப் பறந்தது. வழக்கம்போல அதை எடுக்க எழுந்து ஓடினாள். முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அதைக் கேட்ட பிறகும் குனிந்து, சீட்டை எடுத்துக்கொண்டுதான் திரும்பினாள். இந்த இரண்டு நாளாக அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறாள்.

விழுந்தபடியே போய்விட்ட அம்மாவின் விரல்களிலிருந்த, படிக்காத சீட்டை அப்பாதான் பிரித்தெடுத்தார். என்ன பாட்டு என்றுகூடப் பார்க்கவில்லை. அவளுடையது அவளோடு போகட்டும் என்று சவப்பெட்டியில் அவள் கைகளுக்கடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். மிட்சுகி தட்டிய சீட்டு அவள் கறுப்புக் கிமோனோவின் இடுப்புப் பட்டிக்குள் குத்திக்கொண்டிருந்தது. இரண்டும் ஜோடி சேர்ந்தால், அம்மா கடைசியாக இழுத்தது அவளுக்காக இழுத்த மூச்சு. சேராவிட்டால் அது சாவு மூச்சு. பெற்ற மகளுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

வெளியே பனியை ஒதுக்கி வண்டிக்கு வழி செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் பூ வைத்தாயிற்று. மூடியைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள்.

"அப்பா, அந்தச் சீட்ட ஒரு தடவ பாத்துக்கறேன்."

அத்தை வாயைத் திறந்தாள். அப்பா அவளைக் கையமர்த்தினார். ஆட்டத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாத மனுஷர், அவரே பூவை விலக்கிவிட்டார்.

மிட்சுகி சீட்டைத் திருப்பினாள். அதன் ஜோடி அன்றைக்குப் பாயிலேயே இல்லை. நூறு சீட்டில் பாதிதான் பாயில் இறங்கும். மீதிப் பாட்டுகளுக்கு யாரும் கையை அசைக்கக் கூடாது.

"சரியா இருக்காம்மா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. தப்பாத் தட்டிட்டேன்."

மூடி தூக்க வந்தவர்களைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினார் அப்பா. "தப்பாத் தட்டினா என்ன பண்ணுவீங்க?"

"எடுத்தத இருந்த எடத்துலயே வச்சுட்டு, தல குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும்."

அம்மாவின் சீட்டைப் பழையபடி கவிழ்த்து வைத்தாள். இடுப்பிலிருந்ததை உருவி அதன் பக்கத்தில் வைத்து, விளிம்பு கோணாமல் விரலால் சரிசெய்தாள். பிறகு மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்தாள்.

மூடி ஏறியது. துறவி மறுபடி மூச்சை இழுத்தார். அவள் கை பாயிலேயே கிடந்தது.